ஒரு சமச்சீர்த் தேற்றத்தின் நூற்றாண்டு: கிரேஸ் முதல் ஹைதராபாத் வரை

2010 ஆகஸ்ட் 19 அன்று ஹைதராபாத்தில் பன்னாட்டுக் கணிதவியலாளர் மாநாடு தொடங்கியது. 1897இல் சூரிச்சில் தோன்றிய அம்மாநாடு இந்தியாவில் கூடியது அதுவே முதன்முறை. கணினி அறிவியலின் கணிதக் கூறுகளுக்கான நெவன்லின்னா பரிசு, யேல் பல்கலைக்கழகத்தின் டேனியல் ஸ்பீல்மேனுக்கு அங்கு வழங்கப்பட்டது. நேரியல் திட்டமிடல், குறிமுறைகள், கோட்டுரு வழிமுறைகள் ஆகியவற்றில் அவர் ஆற்றிய பணிக்கான பரிசு அது. ஆனால் அவருடைய அடுத்த பெருஞ்சாதனை, கலப்பெண் பகுப்பாய்வின் பழையதொரு மரபிலிருந்து கிளைத்தது.

அம்மரபின் வேர் 1902இல் ஜான் ஹில்டன் கிரேஸ் வெளியிட்ட கட்டுரை. 1922இல் காபோர் செகோவும் ஜோசப் வால்ஷும் அதனைத் தனித்தனியே வளர்த்தெடுத்தனர். தேற்றம் கூறுவது இது: பல மாறிகளில் சமச்சீரானதும், ஒவ்வொரு மாறியிலும் படி ஒன்றுக்கு மிகாததுமான பல்லுறுப்புக் கோவை ஒன்றை எடுத்துக்கொள்க. மாறிகளின் மதிப்புகள் யாவும் ஒரு வட்டத்தட்டிலோ அரைத்தளத்திலோ இருப்பின், அவை அனைத்துக்கும் பதிலாக அதே பகுதியிலுள்ள ஒரே எண்ணை இட்டாலும் கோவையின் மதிப்பு மாறாதிருக்கும். அத்தகைய எண் ஒன்றேனும் உண்டு. 1, 4 ஆகியவற்றின் பெருக்கலுக்கு அவ்வெண் 2, கூட்டலுக்கு 2.5. மெய்யெண்களில் எளிதாகத் தோன்றும் இது, கலப்பெண் தளத்தில் ஆழமான உண்மையாகிறது. ஒரு மாறிக் கோவையைப் பல மாறிக் கோவையாக விரித்தாலும், பூச்சியங்களற்ற பகுதி சிதையாது என்பதற்கு இதுவே உறுதி.

நெடுங்காலம் இத்தேற்றம் பல்லுறுப்புக் கோவைகளின் பூச்சியங்களை ஆராய்வோரின் தனிச்சொத்தாகவே இருந்தது. மாரிஸ் மார்டனின் 1949ஆம் ஆண்டு நூல் போன்றவை அதனை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றின. 2009இல் ஜூலியஸ் போர்சியாவும் பீட்டர் பிராண்டனும், அரைத்தளத்தில் பூச்சியமற்ற ‘நிலைத்த’ கோவைகளின் அப்பண்பைக் காக்கும் நேரியல் செயலிகளை முழுமையாக வகைப்படுத்தினர். அதற்கு இத்தேற்றம் இன்றியமையாததாயிற்று. அவ்வாண்டிலேயே போர்சியா காலமானார்.

அம்மரபின் பயன் பிறிதோரிடத்தில் கனிந்தது. 1959இல் ரிச்சர்ட் கேடிசனும் இசடோர் சிங்கரும் எழுப்பிய வினா, குவாண்டம் இயக்கவியலின் கணிதத்தைச் சார்ந்தது. சிறு வெக்டர்களின் தொகுதியை ஏறத்தாழச் சமமான இரு பங்குகளாகப் பிரிக்க இயலுமா என்பது அதன் பிற்கால வடிவம். 2013இல் ஸ்பீல்மேன், ஆடம் மார்கஸ், நிகில் ஸ்ரீவத்சவா மூவரும் நிலைத்த கோவைகளைக் கொண்டே இயலும் என நிறுவினர். அப்போது ஸ்ரீவத்சவா பெங்களூரில், மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றினார்.

கிரேஸின் காலத்தில் கேடிசன்–சிங்கர் வினாவே இல்லை. குவாண்டம் இயக்கவியலும் பிறக்கவில்லை. ஒரு தேற்றம் பிறந்த பத்தாண்டுகளுக்குள் அதன் பயனை அளக்க முற்பட்டிருந்தால், இந்தத் தேற்றம் அச்சோதனையில் தேறியிருக்காது. ஆய்வுத் திட்டங்களின் பயனை மூன்றாண்டு எல்லைக்குள் கோரும் இக்காலத்தில், கணிதம் பயில்வோரும் அதற்கு நிதி ஒதுக்குவோரும் நினைவிற்கொள்ள வேண்டிய வரலாறு இது.