கண்ணாடிப் பெட்டியில் வந்த பசுமை

மஞ்சூரில் இன்று பல வீடுகளின் சன்னலோரத்தில் மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, பாம்புச் செடி ஆகியவற்றைக் காண்கிறோம். இவற்றுள் ஒன்றும் இம்மலைக்கு உரியதன்று. மணி பிளாண்டின் தாயகம் பசிபிக் பெருங்கடலிலுள்ள மூரியா தீவு. மான்ஸ்டெரா மெக்சிகோ முதல் பனாமா வரையுள்ள மழைக்காடுகளில் பெருமரங்களைப் பற்றி ஏறுவது. பாம்புச் செடியோ மேற்கு ஆப்பிரிக்காவினது. இத்தகைய செடிகள் கடல் கடந்து உயிருடன் வந்த வரலாற்றில் நம் நீலகிரிக்கும் ஓர் இடம் உண்டு.

செடிகளை நாடுவிட்டு நாடு கொண்டுசெல்லும் ஆசை பழமையானது. ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில், சிரியாவிலிருந்து தப்பிச் சென்று ஸ்பெயினில் ஆட்சி அமைத்த முதலாம் அப்துர் ரஹ்மான், குர்துபாவுக்கு அருகே ருஸாஃபா என்னும் தோட்டத்தை உண்டாக்கித் தம் தாயகத்து மரவகைகளை அங்கே வளர்த்தார். கி.பி. 12ஆம் நூற்றாண்டில் இஷ்பீலியாவின் இப்னுல் அவ்வாம் மண், எரு, நீர், ஒட்டுக்கட்டுதல் பற்றி விரிவான வேளாண் நூலொன்றை எழுதினார். ஆயினும் மாதக்கணக்கில் நீளும் கடற்பயணத்தில், உப்புக்காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும், இளஞ்செடிகளைக் காப்பது நெடுங்காலம் அரிதாகவே இருந்தது.

இதற்குத் தீர்வு தற்செயலாகக் கிடைத்தது. 1829இல் லண்டன் மருத்துவர் நதானியேல் வார்டு, அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈரமண்ணிட்டு மூடிய கண்ணாடிக் குப்பியில் வைத்திருந்தார். அதனுள்ளே ஒரு பெரணியும் புல்லும் தாமாக முளைத்தன. மண்ணின் ஈரம் ஆவியாகி, கண்ணாடியில் படிந்து, மீண்டும் மண்ணுக்கே திரும்பியது. 1833இல் இவ்வகைப் பெட்டிகளில் அவர் அனுப்பிய செடிகள் சிட்னி வரை உயிரோடு சென்றன. 'வார்டு பெட்டி' பிறந்தது இவ்வாறே.

உதகையில் 1848இல் தாவரவியல் பூங்காவை உருவாக்கும் பணியை மெக்கைவர் ஏற்றார். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்தான கொய்னாவைத் தரும் சின்கோனாச் செடிகளை 1860இல் தென்னமெரிக்காவிலிருந்து மார்க்கம் கொண்டுவந்தார். பெட்டிகள் செங்கடலின் வெப்பத்தைக் கடந்து உதகையை அடைந்தன. செடிகளோ பிழைக்கவில்லை. மறு ஆண்டு ராபர்ட் கிராஸ் கொணர்ந்த செம்பட்டைச் சின்கோனா பிழைத்தது. அதைப் பதியன்களாலும் தண்டுத் துண்டுகளாலும் மெக்கைவர் சில ஆண்டுகளிலேயே இலட்சக்கணக்கில் பெருக்கினார்.

இச்சாதனையைப் பாராட்டும்போது அதன் விலையையும் எண்ணவேண்டும். ஆண்டிஸ் மலைநாடுகளின் செல்வம் அந்நாடுகளின் விருப்பமின்றியே எடுத்துவரப்பட்டது. நடுவட்டத்துத் தோட்டங்களில் சீனக் கைதிகள் வேலை வாங்கப்பட்டனர். சோலைகள் வெட்டப்பட்டன. அழகுக்கென வந்த உண்ணிச்செடி காடெங்கும் பரவியது; வேலிக்கும் அழகுக்கும் வந்த மஞ்சட்பூப் புதர்கள் புல்வெளிகளை விழுங்கின. இலட்சக்கணக்கானோரின் காய்ச்சலைத் தணித்த மருந்து இம்மலையில் விளைந்ததும் உண்மையே. இரண்டில் ஒன்றை மட்டும் சொல்வது வரலாறாகாது.

மார்க்கமின் செடிகளை வெப்பம் கொன்றது என்றால், மஞ்சூரில் நம் செடிகளைக் கொல்வது குளிரும், அதைவிட அதிகமாக நம் கைத்தண்ணீரும். பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்ட பெண்ணின் செய்தியை நம் மதரஸாப் பிள்ளைகள் அறிவார்கள். தொட்டியில் அடைபட்ட செடியும் தன் தேவையைத் தானே தேடிக்கொள்ள இயலாதது. ஆனால் இங்கே அளவுமீறிய அன்புதான் ஆபத்து. வெப்பமண்டலச் செடி குளிரில் வளர்ச்சியைக் குறைத்துக்கொள்வதால் நீரையும் குறைவாகவே உறிஞ்சும்; தேங்கிய நீரில் வேர் அழுகும். ஆகவே விரலை இரண்டு அங்குலம் மண்ணுள் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுக. குழாயின் குளிர்நீரை ஊற்றாமல், இரவே வீட்டுக்குள் பிடித்து வைத்த நீரைக் காலையில் ஊற்றுவது நலம். மார்கழி, தை உறைபனிக் காலத்தில் இலை சன்னல் கண்ணாடியைத் தொடலாகாது. இரவில் தொட்டியை அறையின் நடுவே நகர்த்துக. மூடுபனி நாள்களில் வெளிச்சமே குறைவு என்பதால், இலைமேல் படியும் தூசியையும் அடுப்புப் புகையையும் ஈரத்துணியால் துடைப்பது உரமிடுவதைவிடப் பயன் தரும்.

மணி பிளாண்ட், மான்ஸ்டெரா, டைஃபன்பாக்கியா ஆகியவற்றின் சாறு வாயில் பட்டால் எரிச்சலும் வீக்கமும் உண்டாகும். தவழும் குழந்தையுள்ள வீட்டில் இவற்றை உயரத்தில் வைக்கவேண்டும். கத்தரித்த மணி பிளாண்ட் தண்டை ஓடையோரம் எறிவதும் தவறு. வேர்விட ஒரு கணுவே போதும். இலங்கைக் காடுகளில் இக்கொடி மரங்களை மூடிப் படர்ந்திருக்கிறது. மஞ்சூரின் உறைபனியை அது தாங்காமற்போகலாம். கெத்தை, முள்ளி வழியாக இறங்கும் வெப்பமான சரிவுகளில் அத்தடை இல்லை. நறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பின்னரே எருக்குழியில் இடுக.