போயர் ஆதரவாளர் (அரசியல் வசைப்பெயர்)

போயர் ஆதரவாளர் என்பது இரண்டாம் போயர் போரின்போது (1899–1902), அப்போரை எதிர்த்த பிரித்தானியர் அனைவருக்கும் பொதுவாகச் சூட்டப்பட்ட வசைப்பெயர் ஆகும். தென்னாப்பிரிக்காவில் டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் ஆண்ட டிரான்ஸ்வால், ஆரஞ்சு சுதந்திர நாடு ஆகிய இரு குடியரசுகளை எதிர்த்துப் பிரிட்டன் நடத்திய போர் இது.

இப்பெயருக்குள் அடைக்கப்பட்டவர்களின் கருத்துகள் ஒன்றாக இருக்கவில்லை. லாயிட் ஜார்ஜ் பேரரசை எதிர்த்தவர் அல்லர்; இந்தப் போர் தேவையற்றது, முதியோர் ஓய்வூதியத்துக்கு ஆக வேண்டிய பணம் குண்டுகளாக வெடிக்கிறது என்பதே அவர் வாதம். தொழிலாளர் தலைவர் கெயர் ஹார்டி இதை முதலாளிகளின் போர் என்றார். குவேக்கர் சமயத்தார் எந்தப் போரையும் ஏற்காதவர்கள். லிபரல் கட்சித் தலைவர் காம்பெல்-பேனர்மன் 1901 ஜூனில் கண்டித்தது போர் நடத்தப்பட்ட முறையை. போயர்களின் வெற்றியை வெளிப்படையாகவே கொண்டாடிய அயர்லாந்து தேசியவாதிகளும் இருந்தனர். அவர்களுக்கு மட்டும் இப்பெயர் ஓரளவு பொருந்தும்.

1900-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில், அரசு இழக்கும் ஒவ்வொரு தொகுதியும் போயர்களுக்குக் கிடைக்கும் தொகுதி என்று ஆளுங்கட்சியினர் பிரசாரம் செய்தனர். வேடிக்கை என்னவென்றால், ஆஸ்குவித், எட்வர்ட் கிரே போன்ற லிபரல் தலைவர்கள் போரை ஆதரித்தவர்கள். அவர்களின் தொகுதிகளும் இந்தக் கணக்கில் போயர்களுக்கே சேர்ந்தன! அரசு பெரும் வெற்றி பெற்றது. 1901 டிசம்பர் 18 அன்று பர்மிங்காம் நகர மண்டபத்தில் பேசச் சென்ற லாயிட் ஜார்ஜைப் பெருங்கூட்டம் தாக்க முற்பட்டது. காவலர் உடையணிந்து அவர் தப்பினார். அக்கலவரத்தில் உயிரிழப்பும் நேர்ந்தது.

எதிர்த்தரப்பும் இக்குற்றத்துக்கு விலக்கல்ல. போரை ஆதரித்தோர் எல்லாம் தங்கச் சுரங்க முதலாளிகளின் கைப்பாவைகள் என்று பலர் பேசினர். ஜே. ஏ. ஹாப்சன் போன்ற அறிஞரே யூத நிதியாளர்கள் மீது மொத்தப் பழியையும் சுமத்தினார். இது வருந்தத்தக்கது.

இவ்விரு முத்திரைகளையும் பொய்யாக்கியது தடுப்பு முகாம் விவகாரம். போயர் பெண்களும் குழந்தைகளும் அடைக்கப்பட்ட முகாம்களை 1901 தொடக்கத்தில் நேரில் கண்ட எமிலி ஹாப்ஹவுஸ், அங்கு நிலவிய பட்டினியையும் நோயையும் அறிக்கையாக வெளியிட்டார். அவரைத் துரோகி என்றே ஏசினர். அக்டோபரில் மீண்டும் கேப் டவுன் சென்றவரைக் கரையிறங்க விடாமல் திருப்பி அனுப்பினர். இதற்கிடையே அரசே மில்லிசென்ட் ஃபாசெட் தலைமையில் பெண்கள் குழு ஒன்றை அனுப்பியிருந்தது. ஃபாசெட் போரை உறுதியாக ஆதரித்தவர். ஆயினும் அவர் குழுவின் அறிக்கை ஹாப்ஹவுஸ் கூறிய பெரும்பாலான குறைகளை உறுதிசெய்தது. உணவும் மருத்துவமும் மேம்பட்டு இறப்பு குறைந்தது. அதற்குள் பல்லாயிரவர் மாண்டிருந்தனர். போர் முடிவதற்குள் போயர் முகாம்களில் இறந்தோர் சுமார் 28,000 பேர், பெரும்பாலோர் குழந்தைகள். தனி முகாம்களில் அடைக்கப்பட்ட கறுப்பின மக்களும் குறைந்தது 14,000 பேர் இறந்தனர். இவர்களைப் பற்றி இரு தரப்பினருமே அதிகம் பேசவில்லை.

நேட்டாலில் வாழ்ந்த காந்தியின் நிலை இன்னும் சிக்கலானது. மனத்தளவில் போயர்கள்பால் பரிவு கொண்டிருந்தும், பிரிட்டிஷ் குடிமகனின் கடமை எனக் கருதிச் சுமார் 1,100 இந்தியர் கொண்ட ஆம்புலன்ஸ் படையை அவர் திரட்டினார். எந்த முத்திரையை அவருக்குக் குத்துவது?

துரோகி எனப்பட்ட லாயிட் ஜார்ஜ் 1916 டிசம்பரில் பிரதமராகி முதல் உலகப் போரில் பிரிட்டனை வழிநடத்தினார். 1917-இல் அவரது போர் அமைச்சரவையில் இடம்பெற்றவர்களுள் ஒருவர், முன்னாள் போயர் தளபதி ஸ்மட்ஸ்.