அங்கவீனர்

வடமொழி ‘ஹீன’ என்பதற்குக் குறைந்த, இல்லாத என்று பொருள். அங்கத்தோடு சேர்ந்து ‘அங்கவீனர்’ ஆனபோது, குறை முழுவதும் உடம்பின்மேல் ஏறிவிட்டது. சட்டம் அந்தக் குறையோடு நிற்கவில்லை. இலங்கையின் 1996ஆம் ஆண்டு 28ஆம் இலக்கச் சட்டம் வேலைவாய்ப்பிலும் பொது இடங்களுக்குள் நுழைவதிலும் பாரபட்சம் கூடாதென்கிறது. மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைக்கு 2014இல் மண்முனைப் பாலம் வந்தது. சக்கர நாற்காலியில் வருபவரை இப்போது மறிப்பது வாவியல்ல. பஸ்ஸின் உயர்ந்த மிதிபலகையும் அலுவலக வாசற்படியும்தான். அப்படியானால் குறை எங்கே இருக்கிறது?

பெயரை மாற்றினால் சாய்தளம் முளைக்குமா என்று கேட்பார்கள். முளைக்காது, ‘மாற்றுத்திறனாளி’ என்றழைத்தும் படியடியில் நிறுத்திவைக்கலாம். ஆனால் பழைய சொல் இரக்கத்தைத்தான் கேட்க வைக்கிறது, உரிமையை அல்ல. முறைப்பாடு எழுதிக்கொடுப்போரே, உடற்குறையோடு நிறுத்தாமல், மறித்த படியின் உயரத்தையும் எழுதுங்கள்.