ஆட்டிசக் குழந்தையும் வீட்டுத் தமிழும்: பினாங்கை முன்வைத்து ஒரு வரலாற்று ஆய்வு

பினாங்கின் ஜுருவில் வளரும் ஒரு தமிழ்க் குழந்தையின் காதில் மூன்று வயதுக்குள் நான்கு மொழிகள் விழுகின்றன. வீட்டில் பாட்டியின் தமிழ், பாலர் பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம், பசாரில் பினாங்கு ஹொக்கியன். செபராங் பிறையின் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களுக்கு இது புதிதல்ல. ஆனால் இரண்டரை வயதாகியும் பிள்ளை பேசவில்லை, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஆட்டிசமாக இருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதும் பழி முழுவதும் அந்த மொழிகளின் மேல் விழுகிறது. “ஒரே மொழியில பேசுங்க, இங்கிலீஷ்லயே பேசுங்க” என்கிறார்கள் உறவினர்கள். சில வேளைகளில் பயிற்சி தருபவர்களே அப்படிச் சொல்கிறார்கள். கைவிடப்படுவது பெரும்பாலும் தமிழ்தான்.

இந்த அறிவுரை எங்கிருந்து வந்தது?

அதன் வேர் ஆட்டிசம் என்ற நோயறிதலைவிடப் பழையது. 1923இல் டி. ஜே. சேர் என்பவர் வேல்ஸ் நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஏறத்தாழ 1,400 பேரைச் சோதித்து, இரண்டு மொழி பேசும் கிராமத்துப் பிள்ளைகள் அறிவுத்திறனில் பின்தங்கியிருப்பதாக எழுதினார். நகரத்துக்கும் கிராமத்துக்கும் இடையே வசதியில் இருந்த வேறுபாட்டை அவர் சரிவரக் கணக்கில் கொள்ளவில்லை. 1962இல் மொன்றியலில் எலிசபெத் பீலும் வாலஸ் லாம்பர்ட்டும் ஒத்த குடும்பப் பின்னணி கொண்ட பத்து வயதுப் பிள்ளைகளை ஒப்பிட்டபோது, இருமொழிப் பிள்ளைகளே பல சோதனைகளில் முன்னே நின்றார்கள். ஆய்வுலகம் மனம் மாறியது. ஆனால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகள் என்று வந்துவிட்டால் பழைய அச்சம் மட்டும் இன்னும் பல பத்தாண்டுகள் நீடித்தது.

பினாங்கில் இதற்கு இணையான இன்னொரு கதை நடந்திருக்கிறது. காது கேளாத பிள்ளைகளுக்கான ஃபெடரேஷன் பள்ளி 1954இல் இங்கே தொடங்கப்பட்டது. உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொண்டு வாயால் பேச வேண்டும் என்பதே அன்றைய வகுப்பறையின் முறை. கைகளால் பேசினால் பேச்சு வராது என்று நம்பினார்கள். பிள்ளைகளோ வகுப்புக்கு வெளியே, விடுதியிலும் திடலிலும், தங்களுக்குள் ஒரு சைகை மொழியை வளர்த்துக்கொண்டார்கள். அதுவே இன்று பினாங்கு சைகை மொழி எனப்படுகிறது. 1970களின் பிற்பகுதியில்தான் சைகையும் பேச்சும் கலந்த கல்விமுறை மலேசியாவில் வேரூன்றியது. செவித்திறன் குறைவும் ஆட்டிசமும் வெவ்வேறு நிலைகள். என்றாலும் பெரியவர்கள் கொண்ட அச்சம் ஒன்றே. ஒரு வழியைத் திறந்தால் மற்றொன்று அடைபட்டுவிடும் என்று இரண்டு இடத்திலும் நம்பினார்கள்.

ஆட்டிசத்தின் முதல் முழுமையான மருத்துவப் பதிவுகளில் ஒன்றை லியோ கேனர் 1943இல் வெளியிட்டார். அவர் விவரித்த 11 பிள்ளைகளில் எட்டுப் பேர் பேசினார்கள். மூன்று பேர் பேசவில்லை. பேசியவர்களும் கேட்டதைத் திருப்பிச் சொல்வதை அவர் குறித்துவைத்தார். “சாப்பிடுறியா?” என்று அம்மா கேட்க, பிள்ளையும் “சாப்பிடுறியா?” என்றே சொல்வதைத் தமிழ் வீடுகளில் பலர் கண்டிருப்பார்கள். நெடுங்காலம் இது பொருளற்ற எதிரொலி எனக் கருதப்பட்டு, அடக்கப்பட வேண்டிய பழக்கமாக நடத்தப்பட்டது. 1981இல் பேரி பிரிசண்டும் ஜூடித் டக்கனும் இத்தகைய எதிரொலிகளை நுணுகிப் பார்த்தார்கள். பேச்சில் தன் முறையைப் பிடித்துக்கொள்வது, ஆமாம் என்பது, வேண்டும் என்று கேட்பது எனப் பல வேலைகளை அவை செய்வதைக் காட்டினார்கள். பிள்ளை ஏற்கெனவே பேசிக்கொண்டுதான் இருக்கிறது என்ற பார்வை இங்கேதான் துளிர்த்தது.

இதற்கு நேர்மாறான திசையிலும் ஒரு பெரும் அலை எழுந்தது. 1987இல் ஐவர் லோவாஸ் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு 40 மணி நேரம் தனிப்பயிற்சி பெற்ற 19 பிள்ளைகளில் ஒன்பது பேர் வழக்கமான முதல் வகுப்பில் தேறினார்கள். பெற்றோருக்கு அது பெரிய நம்பிக்கையைத் தந்தது. அதை மறுக்க முடியாது. ஆனால் அன்றைய முறையில் தண்டனையும் இருந்தது. பயிற்சியாளர் சொல்வதைப் பிள்ளை அப்படியே சொல்வதே இலக்காகவும் இருந்தது. அதே பத்தாண்டில், 1985இல், டெலவேரில் ஆண்டி பாண்டியும் லோரி ஃப்ராஸ்ட்டும் வேறு கேள்வியிலிருந்து தொடங்கினார்கள்: பிள்ளை தானாக முன்வந்து கேட்க என்ன வழி? படத்தை எடுத்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால் அந்தப் பொருள் கிடைக்கும். பெக்ஸ் எனப்படும் படப்பரிமாற்ற முறையின் முதல் படி இதுதான்.

படம் காட்டிப் பழகினால் பேச்சே வராமல் போய்விடுமே என்று இன்றும் பெற்றோர் அஞ்சுகிறார்கள். 2006இல் மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும், படம், சைகை போன்ற வழிகளில் தொடர்புகொள்ளப் பழகிய வளர்ச்சிக் குறைபாடுள்ளவர்கள் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் தொகுத்தார்கள். நம்பகமான சான்றுள்ள 27 பேரில் 89 விழுக்காட்டினருக்குப் பேச்சு கூடியிருந்தது. ஒருவருக்கும் குறையவில்லை.

மலேசியாவில் பெற்றோரும் வல்லுநர்களும் சேர்ந்து 1980களின் பிற்பகுதியில் தேசிய ஆட்டிசச் சங்கமான நாசோமை உருவாக்கினார்கள். பினாங்கில் 1996இல் சிறப்புத் தேவையுள்ளவர்களுக்காக ஏஷியா கம்யூனிட்டி சர்வீஸ் என்ற தொண்டு அமைப்பு பிறந்தது. 2013இல் சிறப்புக் கல்வி விதிகள் திருத்தி எழுதப்பட்டன. 2014இல் சுகாதார அமைச்சு ஆட்டிசத்துக்கான மருத்துவ வழிகாட்டியை வெளியிட்டது. எந்தப் பிள்ளையையும் பள்ளி திருப்பி அனுப்பக்கூடாது என்ற கொள்கை 2019இல் நடைமுறைக்கு வந்தது. அரசு கிளினிக்கில் ஒன்றரை வயதில் கேட்கப்படும், ஆட்டிச அறிகுறிகளைத் தேடும் எம்-சாட் கேள்வித்தாளும் இன்று பெற்றோருக்குத் தெரிந்த ஒன்றுதான். கதவுகள் திறந்துவிட்டன. உள்ளே எந்த மொழியில் பேசுவது என்பது மட்டும் குடும்பத்தின் தலையில் விடப்பட்டுள்ளது.

அதற்கு விடை தரும் ஆய்வுகள் வந்தது இந்த நூற்றாண்டில்தான். 2005இல் டமார் க்ரெமர்-சாட்லிக், லாஸ் ஏஞ்சலஸில் குடியேறிய குடும்பங்களைப் பற்றி எழுதினார். ஆங்கிலத்தில் மட்டும் பேசச் சொல்லப்பட்ட அந்தப் பெற்றோருக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அவர்கள் தங்களுக்குள் தாய்மொழியில் பேசிச் சிரித்தார்கள். பிள்ளை அந்த உரையாடலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. மக்களோடு கலந்து பேசுவதே கடினமாக இருக்கும் பிள்ளையிடமிருந்து, அதன் சொந்த வீட்டின் பேச்சையும் பறித்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன? 2012இல் கேத்தரின் ஹாம்ப்ளியும் எரிக் ஃபோம்போனும் ஆட்டிசமுள்ள 75 பிள்ளைகளை ஆராய்ந்தார்கள். இருமொழிச் சூழலால் மொழி வளர்ச்சியில் கூடுதல் தாமதம் எதையும் அவர்கள் காணவில்லை.

நமக்கு இன்னும் அருகிலுள்ள சான்று கோவாவிலும் ராவல்பிண்டியிலும் கிடைத்தது. 2016இல் வெளியான அந்த ஆய்வில் 65 பிள்ளைகள் பங்கேற்றார்கள். பயிற்சி தந்தவர்கள் பட்டம் பெற்ற வல்லுநர்கள் அல்ல. உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்கள். தாயும் பிள்ளையும் விளையாடுவதைக் காணொளியில் பதிவுசெய்து, தாயோடு சேர்ந்து அதைப் பார்த்தார்கள். பிள்ளை எதைப் பார்க்கிறதோ அதைப் பற்றியே பேசவும், பேசிவிட்டுக் காத்திருக்கவும் சொல்லிக்கொடுத்தார்கள். தாயின் மறுமொழிகள் பிள்ளையின் போக்கோடு இசைந்தன. பிள்ளை தானாகத் தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் ஒன்றாகக் கவனம் செலுத்தும் நேரம் மட்டும் குறைந்தது. ஆகவே இதை அற்புத மருந்து என்று சொல்வதற்கில்லை. ஆனால் இவ்வகைப் பயிற்சியின் உயிரே தாயின் இயல்பான பேச்சுதான். தடுமாறும் ஆங்கிலத்தில் இதைச் செய்ய முடியாது.

தமிழில் கருவிகள் இல்லை என்பதும் இனிச் சாக்காகாது. சென்னையில் அஜித் நாராயணன் குழுவினர் வித்யா சாகர் போன்ற அமைப்புகளோடு இணைந்து உருவாக்கிய ஆவாஸ் செயலி, படத்தைத் தொட்டால் குரல் தரும். தமிழிலும் அது கிடைக்கிறது. படஅட்டையை வீட்டிலேயே செய்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாடநூல் ‘தண்ணீர்’ என்கிறது, பாட்டி ‘தண்ணி’ என்கிறார். இரண்டு வயதுப் பிள்ளையின் அட்டையில் இருக்க வேண்டியது பாட்டியின் சொல்தான். எழுத்துத் தமிழ், பள்ளிக்குப் போகும்போது வந்து சேரும்.

மதிப்பீட்டு அறையிலும் இதே கவனம் தேவை. பார்பரா பியர்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993இல் மயாமியின் இருமொழிக் குழந்தைகளிடம் செய்ததுபோல, எல்லா மொழிகளிலும் உள்ள சொற்களைச் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். தமிழில் ஆறு, மலாயில் ஐந்து, ஆங்கிலத்தில் நான்கு என வெவ்வேறு பொருள்களுக்குச் சொல் வைத்திருக்கும் ஜுருப் பிள்ளைக்கு மொத்தம் 15 சொற்கள் உண்டு. ஆங்கிலத்தில் மட்டும் சோதித்தால் கோப்பில் நான்கு என்று பதிவாகும். அந்த நான்கை வைத்தே அடுத்த ஆண்டின் பயிற்சித் திட்டமும் எழுதப்படும்.