குழல்முனைக் குறுக்கம்

ரவைத் துப்பாக்கி ஒரே வெடியில் நூற்றுக்கணக்கான ரவைகளை வீசும். தொலைவு மிகமிக அவை சிதறிப்போகும். மருந்தைக் கூட்டினால் இக்குறை தீரும் என்று மாணவர்கள் எண்ணக்கூடும். தீர்வோ வேறிடத்தில் இருந்தது. குழல்முனையைச் சற்றே குறுக்கும் முறைக்கு, 1866இல் இங்கிலாந்தின் பேப் என்பார் காப்புரிமை பெற்றார். பர்மிங்காம் நகரத்துக் கிரீனர் அதனைச் செம்மைப்படுத்தினார். 1875இல் ‘ஃபீல்டு’ இதழ் நடத்திய சோதனையில் அவருடைய துப்பாக்கிகளே வென்றன. பன்னிரண்டாம் எண் குழலில், முழுக் குறுக்கமும் ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே!

ஆயினும் அண்மை இலக்கிற்கு அதுவே இடையூறு. ரவைகள் விரியாமையால் சிறு பிழையும் குறியைத் தவறவிடும். 1976இல் தோன்றிய சர்வதேச நடைமுறைச் சுடுதல் கூட்டமைப்பின் போட்டிகளில் அண்மையும் சேய்மையும் கலந்து வருதலின், வீரர் களத்தை முன்னரே நோக்கிக் குறுக்கத்தைத் தேர்கிறார். எத்துப்பாக்கி சிறந்தது என்று கேட்போரிடம், இலக்கு எத்துணைத் தொலைவு என்றே நான் முதலில் வினவுவேன்.