மருந்தடும் பெண்டுகள்: திருமுக்கூடல் ஆதுலர் சாலையில் உணவும் தலைநோயும்

காஞ்சிபுரத்துக்குக் கிழக்கே, பழையசீவரத்தின் எதிர்க்கரையில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடத்தில் நிற்கிறது திருமுக்கூடல் வேங்கடேசப் பெருமாள் கோயில். அங்குள்ள, சோழ மன்னன் வீரராசேந்திரனின் ஐந்தாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டை கே.வி. சுப்பிரமணிய ஐயர் எபிகிராபியா இண்டிகா 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். 'வீரசோழன்' என்னும் ஆதுலர் சாலையை, அதாவது மருத்துவமனையை, நாம் அறிவது அந்தப் பதிப்பால்தான். ஆண்டை 1067 என்பதா 1068 என்பதா என்பது ஆட்சித் தொடக்கத்தை எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்தது. இரண்டுக்கும் இடம் விட்டே எழுதுகிறேன்.

அப்பதிப்பின் வழியாக நிலைபெற்றுவிட்ட வாசிப்பு ஒன்று உண்டு: பதினைந்து படுக்கைகள், ஒரு மருத்துவர், ஓர் அறுவை மருத்துவர், இரண்டு தாதியர். இதில் இரண்டு சொற்கள் என்னை உறுத்துகின்றன.

கல் 'படுக்கை' என்று சொல்லவில்லை, 'வியாதிபட்டுக் கிடப்பார்' என்கிறது. எண்ணப்படுவது எழுந்து நடமாட முடியாத மனிதர்கள். அடுத்த மூச்சிலேயே அவர்களுக்கு ஆளுக்கு ஒரு நாழி அரிசி அளக்கப்படுகிறது. பதினைந்து நாழி, அதாவது ஒரு குறுணி ஏழு நாழி. கிடப்பவரின் எண்ணிக்கையும் அவர் உண்ணும் அரிசியும் ஒரே கணக்கு. படுக்கை என்று மொழிபெயர்த்தபோது அந்த அரிசி வெறும் செலவினமாகிவிட்டது.

இரண்டாவது சொல் 'மருந்தடும் பெண்டுகள்'. இவர்களைத் தாதியர் என்று கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. அடுதல் என்றால் சமைத்தல். அடுப்பும் அடுக்களையும் பிறந்த வேர் அது. அருகில் அமர்ந்து பார்த்துக்கொள்ளும் பொருள் அதற்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. மூலிகையும் விறகும் கொண்டுவர இரு ஆட்களைக் கல்வெட்டு தனியே நியமிக்கிறது. அந்த விறகு எரிந்தது இந்தப் பெண்களின் அடுப்பில்தான். கஷாயமும் தைலமும் நெய்யும் காய்ச்சியவர்களே அந்தப் பதினைந்து நாழியையும் கஞ்சியாக்கினார்கள் என்று நேர்ச்சான்று இல்லை. கோயிலைச் சேர்ந்த மாணவர் விடுதிக்குச் சமையல் இருந்தது, சோறு அங்கிருந்து வந்திருக்கலாம் என்று மறுப்பவர் சொல்லலாம். ஆனால் விடுதிச் சோறே போதுமென்றால் நோயாளியின் அரிசியைத் தனியே அளந்து கல்லில் பொறிக்க வேண்டிய தேவை என்ன? கிடப்பவருக்கு வேறு பக்குவம் வேண்டும். சாலையின் நடு இடம் அடுக்களை என்றே நான் கருதுகிறேன்.

இனி, தலைநோய். சான்று மெலியும் இடம் இதுதான். எந்த நோய்க்காரர் அங்கே கிடந்தார் என்று கல்வெட்டு கூறவில்லை. தலையில் அடிபட்டவர் இருந்தார் என்று எவரும் நிறுவ முடியாது. கல்வெட்டின் மருந்துப் பட்டியலில் முதலில் வரும் 'பிராம்மியம் கடும்பூரி'யை வல்லாரையோடு அல்லது நீர்ப்பிரமியோடு சேர்த்து மூளை மருந்து என்பது ஒலியொற்றுமையை நம்பிய துணிபு. அதை ஏற்கத் தயங்குகிறேன். பட்டியலில் வலுவான தடயம் வேறொன்று: புராண சர்ப்பி, பழநெய். மயக்கம், வலிப்பு, பித்து, தலைநோய் ஆகியவற்றுக்கு ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் விதிப்பது பழநெய்யை. பித்துக்குச் சொல்லும் இடத்தில் பத்தாண்டு இருந்த நெய்யையே இன்னொரு ஆயுர்வேத நூலான சரகம் பழநெய் என்கிறது. திருமுக்கூடலில் இதற்கென ஆண்டுதோறும் பசுநெய் எடுத்து வைக்க ஏற்பாடு உண்டு. நினைவு தவறியவரைச் சாலை எதிர்பார்த்தே இருந்தது என்பதற்கு இதைவிடத் தெளிவான குறிப்பு எனக்குக் கிடைக்கவில்லை.

நினைவு தவறியவர் விழுங்க மாட்டார் என்பதுதான் அன்றும் இன்றும் முடிச்சு. விழுங்கும் தசைகள் செயலிழந்த ஒருவருக்கு லண்டனில் அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர் விலாங்குமீன் தோல் போர்த்திய குழாய் வழியே உணவு செலுத்தியது 1790இல். இன்று நெடுஞ்சாலையில் தலை அடிபட்டு வருபவருக்கு மூக்குக்குழாயில் முதல் ஒன்றிரண்டு நாளிலேயே உணவு தொடங்க முயல்கிறார்கள். ஐந்தாம் நாளுக்குள், தவறினால் ஏழாம் நாளுக்குள், அடிப்படைக் கலோரியையாவது முழுமையாக எட்டிவிட வேண்டும் என்கிறது மூளைக்காயத்துக்கான அமெரிக்க அறக்கட்டளையின் 2016 வழிகாட்டி. அடிபட்ட மூளை உடலின் புரதத்தைக் கரைத்துக்கொண்டே இருக்கும்; அதனால் கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.5 முதல் 2.5 கிராம் வரை புரதம் தேவை என்கிறது அதே ஆண்டு வந்த இன்னொரு வழிகாட்டி. ஒரு நாழி அரிசி இதை எட்டியிருக்காது. நாழியின் அளவும் ஊருக்கு ஊர் வேறு. அதை இன்றைய கிராமாக்கி வாதிட எனக்கு விருப்பமில்லை. இங்கே முன்னோடித்தனம் தேடுவோர் ஏமாறுவார்கள்.

எனக்குப் பெரிதாகப்படுவது நெய்க் கணக்கு. 1067இலோ 1068இலோ வைத்த நெய் சரகம் சொல்லும் பழமையை அடைவது 1077இல் அல்லது 1078இல். 1070இல் வீரராசேந்திரன் மறைந்துவிட்டான். அந்த நெய் முதிர்ந்தபோது குலோத்துங்கன் ஆட்சி. அதைத் திறந்தது எந்தப் பெண்கள், அப்போதும் பதினைவர் கிடந்தார்களா என்பதைத் திருமுக்கூடல் கல் சொல்லவில்லை.