இரண்டங்குல உருளை

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையத்துத் தெருக்களில் நடப்போர் செவியில் முதலில் விழுவது தறியின் ஓசைதான். அவ்வோசைக்கு நடுவே எங்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் சில காலமாக வேறோர் ஓசையும் எழுந்து வந்தது. அது என் சிறு கடைசல் இயந்திரத்தின் ஓசை. பட்டறைகளில் லேத் என்பார்களே, அதுதான். உள்ளங்கையில் அடங்கக்கூடிய நீராவி எஞ்சின் ஒன்றை அதில் கடைந்து செய்துவிட வேண்டும் என்பது என் ஆசை. அந்த ஆசையின் கதையை மட்டும் கூறினால் அது தற்பெருமையாகிவிடும். ஆதலால், ஏறத்தாழ 260 ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் ஒரு சிறு எஞ்சினோடு பட்ட பாட்டையும் சேர்த்தே கூறுகிறேன்.

அவர் ஜேம்ஸ் வாட். கெண்டியின் மூடி துள்ளியதைக் கண்டு அவர் நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்தார் என்று நம்மில் பலர் சிறு வயதில் கேட்டிருக்கிறோம். ஆனால் வாட் பிறந்தது 1736இல். தாமஸ் நியூகோமன் என்பவரின் எஞ்சினோ 1712ஆம் ஆண்டிலேயே சுரங்கத்து நீரை இறைத்துக்கொண்டிருந்தது! அந்த எஞ்சினின் உருளைக்குள் நீராவியை நிரப்புவார்கள். பிறகு குளிர்ந்த நீரைப் பீச்சுவார்கள். நீராவி சுருங்கி நீராகிவிடும். உள்ளே வெற்றிடம் உண்டாகும். வெளிக்காற்றின் அழுத்தம் பிஸ்டனைக் கீழே தள்ளும். வேலை செய்தது காற்றேயன்றி நீராவி அன்று.

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குக் காட்டுவதற்காக அந்த எஞ்சினின் மாதிரி ஒன்று இருந்தது. உருளையின் விட்டம் 2 அங்குலம். பிஸ்டன் ஏறி இறங்கும் நீளம் 6 அங்குலம். 1763இல் அது பழுது பார்ப்பதற்காக, அங்கே கருவிகள் செய்துவந்த வாட்டிடம் வந்து சேர்ந்தது. அவர் செம்மையாகவே பழுது பார்த்தார். ஆயினும் அது சில முறை ஏறி இறங்கியதும் நின்றுவிட்டது. கொதிகலம் போதிய நீராவியைத் தரவில்லை. பெரிய எஞ்சின் ஓடுகிறது, அதே வடிவில் செய்த சிறிய எஞ்சின் ஏன் ஓடவில்லை?

மாணவர்களே, இங்கே சற்று நின்று கணக்குப் பாருங்கள். ஒரு பொருளின் நீள அகல உயரங்களைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தால், அதன் பரப்பு நூறில் ஒன்றாகும். கொள்ளளவோ ஆயிரத்தில் ஒன்றாகும். அதாவது, உருளைக்குள் இருக்கும் நீராவியின் ஒவ்வொரு பங்குக்கும் அதைக் குளிரச் செய்யும் சுவர் பத்து மடங்கு மிகுகிறது. சிறியது பெரியதன் சுருக்கம் அன்று; அதன் தொல்லைகளே வேறு. வெப்பத்தை எளிதில் கடத்தாத மரத்தால் உருளை செய்தும் வாட் சோதித்தார். ஒவ்வொரு முறையும் உருளையைக் குளிர்வித்து மீண்டும் சூடேற்றுவதிலேயே நீராவியின் பெரும்பகுதி வீணாவதைக் கண்டார். உருளை எப்போதும் சூடாகவே இருக்கட்டும், நீராவியைத் தனியான வேறொரு கலத்துக்கு இழுத்து அங்கே குளிர்விக்கலாம் என்னும் எண்ணம் 1765இல், ஒரு ஞாயிற்றுக்கிழமை கிளாஸ்கோ புல்வெளியில் உலவும்போது அவருக்குத் தோன்றிற்று. 1769இல் அதற்கு உரிமை பெற்றார்.

எண்ணம் பிறந்துவிட்டது, உருளைதான் பிறக்கவில்லை! வட்டம் பிசகாமல் பெரிய உருளையைக் குடைய அந்நாளில் வழியில்லை. ஜான் வில்கின்சன் என்னும் இரும்பு ஆலைக்காரர் 1775இல் ஒரு குடைபொறி அமைத்தார். அதுவரை குடையும் தண்டை ஒரு முனையில் மட்டுமே தாங்கினார்கள். மறுமுனை தொங்கி ஆடும். வில்கின்சன் தண்டை உருளையின் ஊடே முழுவதும் செலுத்தி, இரு முனைகளிலும் தாங்கச் செய்தார். அவர் குடைந்த 50 அங்குல உருளையில் ஒரு பழைய ஷில்லிங் நாணயத்தின் தடிப்பளவுகூடப் பிழையில்லை என்று வாட்டின் கூட்டாளி மாத்யூ போல்டன் வியந்து எழுதினார். இக்காலப் பட்டறை மாணவன் அவ்வளவு பிழை விட்டால் ஆசிரியரிடம் வசவு வாங்குவான்.

நான் என் பித்தளை உருளையைக் குடைந்தபோது இந்த வரலாற்றை அறிந்திருந்தும் பயன்படுத்தவில்லை. ஓரங்குல விட்டம்தானே என்று, ஒரு முனையில் பிடித்த உளியாலேயே குடைந்தேன். பிஸ்டன் வாயிலில் தளர்ந்தும் உள்ளே இறுகியும் நின்றது. அடுத்த வீட்டு நெசவாளர் பெரியவர் அதைக் கையில் வாங்கி, விரலை உள்ளே விட்டு மெல்லத் திருப்பினார். பாவு இழையின் இழுவையை வாழ்நாள் முழுவதும் விரலால் அறிந்தவர் அவர்.

"உள்ளே போகப் போகக் குறுகுதே தம்பி" என்றார்.

அளவுகருவி கொண்டு பார்த்தேன். அவர் சொன்னதே உண்மை. வெட்டும் சுமை தாளாமல் உளி வளைந்து விலகியிருக்கிறது. அந்த உருளையை ஒதுக்கிவிட்டு, வில்கின்சன் வழியில் ஒரு தண்டை லேத்தின் இரு மையங்களுக்கிடையே பூட்டி, நடுவில் சிறு உளியைச் செருகி, புதிய பித்தளையை அதன்மேல் நகர்த்திக் குடைந்தேன். மூன்று மாலைகள் சென்றன.

தமிழ்நாட்டில் இத்தகைய பித்துக்குப் பெயர் பெற்றவர் ஜி. டி. நாயுடு. 1893இல் கோவைக்கு அருகே கலங்கலில் பிறந்தவர். இளமையில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் மோட்டார் சைக்கிளைக் கண்டு மயங்கி, உணவு விடுதியில் வேலை செய்து பணம் சேர்த்து அதனை விலைக்கு வாங்கினார். வாங்கியதும் பிரித்துப் போட்டுப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார். 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பஸ்ஸுடன் தொழில் தொடங்கிய அவர், 1937இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து மின்மோட்டாரும் செய்தார். பிரித்ததை மீண்டும் பூட்டத் தெரிந்தவர் என்பதே அவரிடம் நான் பெரிதாக மதிப்பது. பிரிப்பது என் போன்றோருக்கும் கைவந்த கலைதான்.

என் எஞ்சின் சைக்கிள் பம்பின் காற்றில் அழகாகச் சுழன்றது. நீராவியை விட்டதும் நான்கைந்து சுற்றுகளில் நின்றது. வாட்டின் இரண்டங்குல உருளை காஞ்சிபுரத்துக்கே வந்துவிட்டது! குளிர்ந்த பித்தளையில் பட்ட நீராவி நீராகி வழிந்தது. நான் விளக்கியதைக் கேட்ட பெரியவர் உள்ளே சென்று, ஒரு கைப்பிடி கழிவுப் பட்டிழை கொண்டுவந்தார். பட்டு வெப்பத்தை எளிதில் விடாது. அதனை உருளையைச் சுற்றி நெருக்கமாகச் சுற்றினோம். முதலில் வெந்நீரைத் துப்பிற்று. உருளை சூடேறியபின் சக்கரம் சுழலத் தொடங்கி, நிற்காமல் ஓடியது.

பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"இது ஒரு நாளைக்கு எத்தனை முழம் நெய்யும் தம்பி?" என்று கேட்டார்.

நான் விடை தேடுவதற்குள் கொதிகலத்தில் நீர் வற்றலாயிற்று, விளக்கை அணைத்தேன்.